அமெரிக்க இலக்கிய வகுப்பில் இலக்கியச் சொற்களும் உத்திகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பள்ளிகளில் பதினோராம் வகுப்பில் அமெரிக்க இலக்கியம் படிக்கும் மாணவர்களும், வீட்டில் அவர்களுக்குத் துணையாக உட்காரும் பெற்றோரும், தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியப் பட்டப்படிப்பில் அதே நூல்களைப் படிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கட்டுரையை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பதால், வகுப்பில் புழங்கும் சொற்களையே பல இடங்களில் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம்.

பதினோராம் வகுப்பில் இந்தச் சொற்களுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம்?

பல மாநிலங்கள் ஏற்ற ‘காமன் கோர்’ என்ற பொதுப் பாடத் தரநிலைகள் 11, 12-ஆம் வகுப்புகளுக்கு இரண்டு விஷயங்களைக் கேட்கின்றன. ஒன்று, 18, 19-ஆம் நூற்றாண்டுகளிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுதப்பட்ட முக்கியமான அமெரிக்க நூல்களில் பரிச்சயம். இன்னொன்று, எழுதியிருப்பது ஒன்றாகவும் சொல்ல வருவது வேறாகவும் இருக்கும் இடங்களைப் பிரித்தறியும் திறன். அங்கதம், கிண்டல், ஐரனி (முரண்நகை), குறைத்துச் சொல்லுதல் ஆகியவை அங்கே உதாரணமாகவே வருகின்றன. அதே ஆண்டில் பலர் ஏபி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) லாங்குவேஜ் பாடமும் எடுப்பதால், கதை, கவிதையோடு பிரசங்கம், சொற்பொழிவு, கடிதம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஒன்பதாம் வகுப்பில் உவமை எது என்று அடிக்கோடு போட்டால் மதிப்பெண் வந்தது. இங்கே வராது. அந்த உவமை அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று சொன்னால்தான் வரும்.

மொத்தம் எத்தனை சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்?

இணையத்தில் 150, 200 சொற்கள் கொண்ட பட்டியல்கள் கிடைக்கும். ஒதுக்கி வையுங்கள். முப்பது சொச்சம் போதும்.

ஒப்புமையில் சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்), எக்ஸ்டெண்டட் மெட்டஃபர் (நீண்டு செல்லும் உருவகம்), பெர்சானிஃபிகேஷன் (ஆளல்லாததை ஆளாக்குவது), ஹைப்பர்போலி (மிகைப்படுத்தல்). பொருள் அடுக்கில் சிம்பல் (குறியீடு), மோட்டிஃப், அலெகரி, அல்யூஷன் (வேறொரு நூலையோ நிகழ்வையோ சுட்டுவது), தீம். கதை சொல்லும் முறையில் பாயின்ட் ஆஃப் வியூ (யார் பார்வையில் கதை), நம்பத்தகாத கதைசொல்லி, ஃபோர்ஷேடோயிங் (வரப்போவதை முன்கூட்டிச் சுட்டுவது), ஃபாயில் (இன்னொருவரை எடுத்துக்காட்டும் எதிர்ப் பாத்திரம்), ஃப்ளாஷ்பேக். குரலில் டிக்‌ஷன், சின்டாக்ஸ், டோன், மூட், சட்டையர் (அங்கதம்), மூன்று வகை ஐரனி. ஒலியில் அலிட்டரேஷன் (சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குவது), ஸ்லான்ட் ரைம், மீட்டர் (யாப்பளவு), ஃப்ரீ வெர்ஸ் (அளவில்லாக் கவிதை), என்ஜாம்ப்மென்ட் (வாக்கியம் நிற்காமல் அடுத்த வரிக்கு ஓடுவது). சொற்பொழிவுக்கு அனாஃபரா (ஒரே தொடக்கம்), எபிஸ்ட்ரஃபி (ஒரே முடிவு), ஆன்டிதீசிஸ் (எதிரெதிரானவற்றை அருகருகே வைப்பது), கயாஸ்மஸ் (வரிசையைப் புரட்டிச் சொல்வது), ரெட்டரிக்கல் கேள்வி (பதிலை எதிர்பார்க்காத கேள்வி).

இவற்றில் கட்டுரைக்கு அதிகம் உழைப்பவை டிக்‌ஷனும் சின்டாக்ஸும். எந்தப் பத்தியைக் கொடுத்தாலும் அதில் சொல் தேர்வும் வாக்கிய அமைப்பும் இருந்தே தீரும். உருவகம் இல்லாத பத்தி வரலாம். வாக்கியம் இல்லாத பத்தி வராது.

மனப்பாடம் செய்கிறேன், தேர்வில் மறந்துவிடுகிறது. எப்படிப் படிப்பது?

கார்டின் முன்பக்கம் சொல்லும் பின்பக்கம் விளக்கமுமாக எழுதினால், விளக்கத்தைக் கேட்டால்தான் சொல் நினைவுக்கு வரும். தேர்வில் யாரும் விளக்கத்தைக் கேட்பதில்லை, பத்தியைத்தான் நீட்டுகிறார்கள். அதனால் கார்டைத் திருப்பிப் போடுங்கள். முன்பக்கம் நூலின் பெயரோடு இரண்டு மூன்று வரிகள். பின்பக்கம் மூன்று விஷயங்கள்: உத்தியின் பெயர், அதைக் காட்டிக்கொடுக்கும் சொல், அது இல்லாமல் அதே செய்தியைச் சொல்லியிருந்தால் எது தொலைந்திருக்கும் என்று ஒரு வரி.

வாரத்துக்கு 5 கார்டு. எழுதிய மறுநாள் ஒரு முறை, மூன்றாம் நாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை பாருங்கள். வரிகள் வகுப்பில் நடத்திய நூலிலிருந்தே இருக்கட்டும். “அவள் முகம் நிலா போன்றது” என்பது போன்ற பொது உதாரணத்தை வைத்துப் படித்தவர்கள் அந்த உதாரணத்தை மட்டும்தான் அடையாளம் காண்கிறார்கள்.

உவமை, உருவகம் சுலபம்தானே? அதில் ஏன் மதிப்பெண் போகிறது?

சுலபம் என்று நினைத்து, கண்டுபிடித்ததோடு நிறுத்திவிடுவதால் போகிறது. லாங்ஸ்டன் ஹியூஸின் ‘ஹார்லெம்’ கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1951-இல் வெளியானது, 11 வரிதான். தள்ளிப்போடப்பட்ட கனவுக்கு என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, வெயிலில் காய்ந்த திராட்சை, சீழ் வைத்த புண், அழுகிய இறைச்சி, சர்க்கரைப் பாகு இறுகிப்போன இனிப்பு, முதுகை அழுத்தும் சுமை என்று ஐந்து உவமைகளை அடுக்குகிறது. கடைசி வரியில், வெடித்துவிடுமா என்று கேட்டு முடிகிறது.

“ஹியூஸ் பல உவமைகளைப் பயன்படுத்துகிறார்” என்று எழுதினால் அது எண்ணிக்கை. இப்படிப் பாருங்கள். ஐந்தும் வீட்டிலும் உடம்பிலும் அன்றாடம் பார்க்கும் சங்கதிகள். கனவு என்ற பெரிய சொல்லைக் கவிதை அடுப்படிக்குக் கொண்டுவருகிறது. கண், தோல், மூக்கு, நாக்கு என்று புலன்கள் ஒவ்வொன்றாக மாறுகின்றன. ஐந்தில் நான்கு கேள்வியாக வருகின்றன. சுமை வரும் வாக்கியம் மட்டும் கேள்வி இல்லை. “ஒருவேளை” என்று தொடங்கித் தொய்ந்து முற்றுப்புள்ளியில் நிற்கிறது. அதன் பிறகு கடைசி வரியில் ‘போல’ என்ற சொல்லே இல்லை. ஐந்து உவமைகளுக்குப் பின் வரும் அந்த ஒரே உருவகம், ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க இனி நேரமில்லை என்று சொல்லிவிடுகிறது. அந்த வரியைச் சாய்ந்த எழுத்தில் அச்சிட்டிருப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பக்கக் கட்டுரைக்கு இதுவே தாங்கும்.

லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 1959 நாடகமான ‘எ ரெய்சின் இன் தி சன்’ தன் தலைப்பை அந்த முதல் உவமையிலிருந்துதான் எடுத்தது. அல்யூஷனுக்கு இதைவிடக் கச்சிதமான கார்டு கிடைக்காது.

சிம்பல், மோட்டிஃப், அலெகரி, தீம் நான்கும் ஒன்றோடொன்று குழம்புகின்றன. எப்படிப் பிரிப்பது?

தீமை முதலில் தனியே எடுத்து வையுங்கள். அது ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும். “குற்ற உணர்வு” என்பது தலைப்பு. “ஒப்புக்கொள்ளாத குற்றம், ஒப்புக்கொண்ட குற்றத்தைவிட ஆளை அதிகம் அரிக்கும்” என்பது தீம். ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலுக்கு இது பொருந்தும்.

அதே நாவலில் (1850, ஹாத்தோர்ன்) நாயகி ஹெஸ்டரின் மார்பில் தைத்த ‘ஏ’ (A) எழுத்து சிம்பல். கதைக்குள் அது நிஜமான துணி, நிஜமான நூல். அதோடு வேறு பொருளும் தருகிறது, அந்தப் பொருள் மாறிக்கொண்டும் இருக்கிறது. தொடக்கத்தில் பிறன்மனை உறவுக்கான (adultery) தண்டனை. 12-ஆம் அத்தியாயத்தில் வானத்தில் தெரிந்த ‘ஏ’யை ஊர் மக்கள் தேவதை (angel) என்று படிக்கிறார்கள். 13-ஆம் அத்தியாயத்தில் ஹெஸ்டரின் ‘ஏ’க்குத் திறமைசாலி (able) என்று பொருள் சொல்கிறார்கள். சிம்பலைப் பற்றி எழுதும்போது அது எதைக் குறிக்கிறது என்று ஒரே சொல்லில் பூட்டிவிடாதீர்கள். எங்கே, யார் கண்ணில், எப்படி மாறியது என்று எழுதுங்கள்.

தண்டனை மேடை மூன்று முறை வருகிறது: தொடக்கத்தில் பகலில், நடுவில் இரவில், முடிவில் மறுபடி பகலில். இப்படித் திரும்பத் திரும்ப வந்து நூலைக் கட்டிவைப்பது மோட்டிஃப். ஒரு பொருள் சிம்பலாகவும் மோட்டிஃபாகவும் இருக்கத் தடை ஏதுமில்லை.

அலெகரியில் கதை முழுக்க ஒன்றுக்கு ஒன்று ஈடாக நிற்கும். ஹாத்தோர்னின் ‘யங் குட்மேன் பிரவுன்’ (1835) கதையில் நாயகனின் மனைவிக்குப் பெயரே ஃபெய்த், அதாவது இறைநம்பிக்கை. அவளை வீட்டில் விட்டுவிட்டு இரவில் காட்டுக்குப் போகிறான். ஆர்தர் மில்லரின் ‘தி குரூசிபிள்’ (1953) மேடையில் காட்டுவது 1692-இல் சேலத்தில் நடந்த சூனிய விசாரணைகள். சுட்டுவது, அது எழுதப்பட்ட 1950-களில் செனட்டர் மக்கார்த்தி காலத்துக் கம்யூனிச வேட்டையை.

சிம்பலுக்கும் அலெகரிக்கும் உள்ள தூரத்தைப் பார்க்க ‘மோபி டிக்’ (1851) நாவலின் 99-ஆம் அத்தியாயம் போதும். கப்பல் தலைவன் ஏஹாப் பாய்மரத்தில் ஆணியடித்து வைத்த தங்கக் காசைக் கப்பலில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்க்கிறார்கள். ஏஹாப் அதில் தன்னையே பார்க்கிறான். ஸ்டார்பக் மூன்று சிகரங்களில் திரித்துவத்தைக் காண்கிறான். ஃப்ளாஸ்க் 16 டாலர், அதாவது இரண்டு சென்ட் வீதம் 960 சுருட்டு என்கிறான் (கணக்குப்படி 800தான் வரும்). காசு ஒன்று, பொருள் பார்ப்பவன் பாடு. முழு நாவலைப் படிக்காத வகுப்புகளும் இந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் படிக்கலாம்.

ஐரனி எது, எது இல்லை?

அதிகம் சறுக்கும் இடம் இது. தற்செயலும் துரதிர்ஷ்டமும் ஐரனி ஆகாது. கல்யாணத்தன்று மழை பெய்தால் அது மழை. மழையே வராது என்று நாள் குறித்துக் கொடுத்தவரின் கல்யாணத்தன்று பெய்தால் ஐரனி என்று பேசலாம். எதிர்பார்ப்பு, நடப்பு என்று இரண்டு இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று குத்த வேண்டும்.

சொல்லில் வருவது வெர்பல் ஐரனி: பேசுபவர் வேண்டுமென்றே ஒன்று சொல்லி வேறொன்றை நினைக்கிறார். எட்கர் ஆலன் போவின் ‘தி காஸ்க் ஆஃப் அமான்டில்லாடோ’ (1846) கதையில் மான்ட்ரெசோர், தான் கொல்லக் கூட்டிப்போகும் ஃபார்ச்சுனாட்டோவின் நீண்ட ஆயுளுக்காகக் குடிக்கிறான். நிகழ்வில் வருவது சிச்சுவேஷனல். வாசகருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பது டிரமாட்டிக்.

கேட் ஷோபனின் ‘தி ஸ்டோரி ஆஃப் ஆன் அவர்’ (1894) சில பக்கக் கதைதான். இதய நோயாளியான மிசஸ் மல்லார்டிடம் கணவன் ரயில் விபத்தில் இறந்துவிட்டதாக மெதுவாகச் சொல்கிறார்கள். அழுதுவிட்டு அறைக்குள் போனவளுக்கு, இனி தன் வாழ்க்கை தனக்கு என்ற உணர்வு மெல்ல வருகிறது. படியிறங்கி வருகிறாள், கணவன் உயிரோடு உள்ளே நுழைகிறான், அவள் இறந்துபோகிறாள். உயிரைப் பறிக்கும் மகிழ்ச்சியால் இறந்தாள் என்கிறார்கள் மருத்துவர்கள்.

அந்தக் கடைசி வரியைப் பாதி வகுப்பு வெர்பல் ஐரனி என்று எழுதும். தவறு. மருத்துவர்கள் கிண்டல் செய்யவில்லை, நம்பித்தான் சொல்கிறார்கள். மூடிய அறைக்குள் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஆகவே அது டிரமாட்டிக். இறந்ததாகச் சொன்னவன் வாழ, நீண்ட வாழ்வு வேண்டும் என்று அப்போதுதான் வேண்டிக்கொண்டவள் சாவது சிச்சுவேஷனல். வகை தெரியவில்லையென்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: இதைச் சொன்ன ஆளுக்கு இதன் இரண்டாம் அர்த்தம் தெரியுமா? தெரிந்தால் வெர்பல்.

ஐரனியை வைத்து ஒரு சமூகப் பழக்கத்தை அடித்தால் அது சட்டையர். அமெரிக்காவில் 1885-இல் வெளியான மார்க் ட்வெயினின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலின் 18-ஆம் அத்தியாயத்தில், பகை கொண்ட இரண்டு குடும்பங்கள் முழங்காலுக்கு இடையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு தேவாலயத்தில் சகோதர அன்பு பற்றிய பிரசங்கம் கேட்கின்றன. நல்ல பிரசங்கம் என்று பாராட்டியும் பேசிக்கொள்கிறார்கள். மறுநாள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறார்கள். கதை சொல்லும் சிறுவன் ஹக் இதில் ஒரு வார்த்தை கிண்டலாகச் சொல்வதில்லை. கிண்டல் ட்வெயினுடையது.

டோனும் மூடும் ஒன்றா?

இல்லை. டோன் எழுதுபவரின் அல்லது பேசுபவரின் மனப்பான்மை. மூட் வாசகரிடம் உண்டாகும் உணர்வு. மதபோதகர் ஜோனதன் எட்வர்ட்ஸ் 1741-இல் என்ஃபீல்டில் ஆற்றிய பிரசங்கத்தில் நெருப்புக்கு மேல் பிடித்திருக்கும் சிலந்தி, நாண் ஏற்றிய வில், அணைபோட்டு நிறுத்திய வெள்ளம் என்று வரும் படிமங்கள் கேட்பவரிடம் உண்டாக்குவது பயம்; அது மூட். அவருடைய டோன் பயம் அல்ல, எச்சரிக்கும் உறுதி.

டோனுக்கு “நெகட்டிவ்”, “சோகம்” என்று எழுதாதீர்கள். இரண்டு சொற்களைச் சேர்த்து எழுதினால் துல்லியம் தானே வரும்: கசப்பு, ஆனால் அடக்கம், வியப்பு, ஆனால் சந்தேகம். எந்தச் சொற்களை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று குறைந்தது இரண்டைப் பத்தியிலிருந்து காட்டுங்கள்.

“நான்” என்று வந்தால் அது ஆசிரியர்தானே?

இல்லை. அந்த “நான்” கவிதையில் ஸ்பீக்கர் (பேசுபவர்), கதையில் நரேட்டர் (கதைசொல்லி). போவின் ‘தி டெல்-டேல் ஹார்ட்’ (1843) கதையில் தான் பைத்தியம் இல்லை என்று அடித்துச் சொல்பவன் போ இல்லை. தன் சொல்லாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும் நம்பத்தகாத கதைசொல்லி அவன். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஃப்ரெட்ரிக் டக்ளஸின் 1845 தன்வரலாறு போன்ற நூல்களில் மட்டும் ஆசிரியர் பெயரையே எழுதலாம்.

மீட்டர் பிடிபடவே இல்லை. தமிழ்க் காதுக்கு இது ஏன் கஷ்டம்?

தமிழ் யாப்பு நேர், நிரை என்று அசையின் அமைப்பைப் பார்க்கும். ஆங்கில யாப்பு அழுத்தத்தைப் பார்க்கும். ‘ரெக்கார்ட்’ பெயர்ச்சொல்லாக வந்தால் முதல் அசையில் அழுத்தம், வினையாக வந்தால் இரண்டாவதில். இந்த வேறுபாட்டைத் தமிழில் நாம் கேட்டுப் பழகவில்லை. ஆகவே காதை மட்டும் நம்பாமல் இந்த வரிசையில் போங்கள். முதலில் ஒவ்வொரு வரிக்கும் அசையை விரல்விட்டு எண்ணி ஓரத்தில் எண்ணை எழுதுங்கள். அடுத்து, இரண்டோ அதற்கு மேலோ அசையுள்ள சொற்களுக்கு மட்டும் அகராதியில் அழுத்தக் குறியைப் பார்த்துப் போடுங்கள். பிறகு பெயர், வினை போன்ற கனமான ஓரசைச் சொற்களுக்கு அழுத்தம் கொடுத்து, இடைச்சொற்களை விட்டுவிட்டுப் படியுங்கள். பெரும்பாலும் வடிவம் தானே தெரிந்துவிடும். கடைசியாக, எந்த வரி அந்த வடிவத்துக்கு அடங்கவில்லை என்று தேடுங்கள். கட்டுரைக்கு வேண்டியது அந்த வரிதான்.

எமிலி டிக்கின்சன், மரணம் வண்டியோட்டி வந்து அழைத்துப்போகும் கவிதையை வரிகளுக்கு 8, 6, 8, 6 அசை என்ற தேவாலயப் பாட்டு அளவில் எழுதியிருக்கிறார். நான்காம் ஸ்டான்ஸாவில் (கவிதைப் பத்தியில்) அது 6, 8, 8, 6 என்று புரள்கிறது. எந்த இடத்தில்? சூரியனைத் தாண்டிப் போனோம் என்று முந்தைய வரியில் சொன்னதைத் திருத்தி, இல்லை, அவன்தான் நம்மைத் தாண்டிப் போனான் என்று சொல்லும் இடத்தில். அதே ஸ்டான்ஸாவில் குளிரும் பனியும் வருகின்றன. ‘சில்’ (chill), ‘டூல்’ (tulle) என்று ஒலி முழுதாகப் பொருந்தாத ஸ்லான்ட் ரைமும் வருகிறது. நாகரிகமான பயணம் இது என்ற நம்பிக்கை அளவிலும் ஒலியிலும் சேர்ந்தே ஆட்டம் காண்கிறது. உங்கள் பாடநூலில் கவிதைக்கு ஐந்தே ஸ்டான்ஸா இருந்தால், கவிஞர் இறந்த பின் 1890-இல் வந்த முதல் பதிப்பை அது பின்பற்றுகிறது. அதில் இந்த ஸ்டான்ஸாவை நீக்கிவிட்டார்கள். ஆறு உள்ள பதிப்பைத் தேடிப் படியுங்கள்.

போவின் ‘தி ரேவன்’ (1845) இதற்கு நேர் எதிர். வரிக்குள்ளேயே இயைபு, அலிட்டரேஷன் என்று ஒலி கொட்டும். இத்தனை ஒலி என்று பட்டியல் போடுவதைவிட, 8-ஆம் ஸ்டான்ஸாவிலிருந்து காக்கை சொல்லும் ‘நெவர்மோர்’ (இனி ஒருபோதும் இல்லை) என்ற ஒரே சொல்லைக் கவனியுங்கள். பதில் மாறுவதே இல்லை, கேள்விதான் மாறுகிறது. கவிதையில் பேசுபவன் முதலில் காக்கையின் பெயரைக் கேட்கிறான், பிறகு தன் துயருக்கு மருந்து உண்டா என்கிறான், கடைசியில் செத்தவளை மறு உலகில் அணைப்பேனா என்கிறான். என்ன பதில் வரும் என்று தெரிந்த பிறகும் கேட்கிறான் என்று காட்டுவதுதான் அந்த ரிஃப்ரெயினின் (பல்லவிபோல் திரும்ப வரும் சொல்லின்) வேலை.

வால்ட் விட்மனின் கவிதைகளில் இயைபும் இல்லை, அளவும் இல்லை. எதைப் பற்றி எழுதுவது?

அனாஃபரா, பட்டியல், வரி நீளம். ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’ (1855) கவிதைகளில் தொடர்ந்து வரும் வரிகள் ஒரே சொல்லில் தொடங்குவதும், தச்சன், படகோட்டி, விவசாயி என்று ஆட்கள் சம எடையில் வரிசையாக வருவதும் சேர்ந்து ஒரு ஜனநாயக வாதமாகவே ஆகின்றன: பட்டியலில் யாரும் யாருக்கும் மேலே இல்லை. லிங்கன் இறந்தபோது எழுதிய ‘ஓ கேப்டன்! மை கேப்டன்!’ இதற்கு மாறாக இயைபும் அளவும் கொண்டது. அதை வைத்து விட்மனின் பாணியை விளக்கப் போகாதீர்கள்.

சொற்பொழிவுகளில் எதைத் தேட வேண்டும்?

வாக்கியங்களின் தொடக்கத்தையும் முடிவையும் பாருங்கள். 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கில் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தின் அர்ப்பணிப்பு விழாவில் லிங்கன் பேசியது சுமார் 270 சொற்கள். அதில் “நம்மால் முடியாது” என்று மூன்று முறை தொடங்குவது அனாஃபரா; “மக்கள்” என்று மூன்று முறை முடிவது எபிஸ்ட்ரஃபி. முதலாவது, கூடியிருந்தவர்கள் செய்ய வந்த சடங்கையே அவர்கள் கையிலிருந்து பிடுங்குகிறது. இரண்டாவது, அதற்குப் பதிலாக ஒரு பொறுப்பைக் கொடுக்கிறது. நூறு ஆண்டுக்குப் பின், 1963 ஆகஸ்ட் 28 அன்று லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று மார்ட்டின் லூதர் கிங் தன் பேச்சைத் தொடங்கியபோது ஆண்டுக் கணக்கை லிங்கனின் பாணியிலேயே சொன்னார். அல்யூஷன் இடத்தோடும் சேர்ந்து வேலை செய்யும் என்பதற்கு இது உதாரணம்.

கயாஸ்மஸுக்கு டக்ளஸ் ஒருவரே போதும். மனிதன் எப்படி அடிமையாக்கப்பட்டான் என்று பார்த்தீர்கள், அடிமை எப்படி மனிதனாக்கப்பட்டான் என்று பார்க்கப் போகிறீர்கள் என்கிறார். சொற்கள் அதேதான், வரிசை மட்டும் புரண்டிருக்கிறது. அடிமைத்தனம் இயற்கை அல்ல, செய்யப்பட்டது; ஆகவே திருப்பிச் செய்யலாம் என்ற வாதம் அந்தப் புரட்டலிலேயே அடங்கிவிடுகிறது.

பகுப்பாய்வுப் பத்தியை எப்படி எழுதுவது?

பத்தியை மூன்று முறை படியுங்கள். முதல் முறை பேனாவைத் தொடாமல். இரண்டாம் முறை திரும்ப வருவது, விசித்திரமாகப் படுவது, “ஆனால்”, “இருந்தும்” போன்ற சொற்களில் திசை மாறுவது ஆகிய மூன்றை மட்டும் குறியுங்கள். மூன்றாம் முறைதான் உத்திகளுக்குப் பெயர். முதல் வாசிப்பிலேயே ஐந்து நிற ஹைலைட்டரோடு இறங்கினால் பக்கம் முழுக்க நிறமாகிவிடும், எது முக்கியம் என்று தெரியாது.

பிறகு எழுதும் வரிசை: கூற்று, சிறு மேற்கோள், அதிலுள்ள ஒரு குறிப்பிட்ட சொல் அல்லது அமைப்பு, அது செய்யும் வேலை, முழு நூலோடு அதற்கு உள்ள தொடர்பு. மேற்கோள் ஒரு வரியைத் தாண்டினால் விளக்கம் மூன்று வரியாவது இருக்கட்டும்.

ஸ்டெய்ன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ (1937) நூலை வைத்துப் பார்ப்போம். “கேண்டியின் நாயைக் கொல்வது ஃபோர்ஷேடோயிங், இது கதையைச் சுவாரசியமாக்குகிறது” என்பது மதிப்பெண் வராத வாக்கியம். எந்த நூலுக்கும் பொருந்தும் விளக்கம் எந்த நூலையும் விளக்குவதில்லை. மாற்றி எழுதினால்: “கிழட்டு நாயைக் கார்ல்சன் தன் லூகர் துப்பாக்கியால் சுடுகிறான், பின்னந்தலையில் சுட்டால் வலிக்காது என்று முன்பே சொல்கிறான். தன் நாயைத் தானே சுட்டிருக்க வேண்டும் என்று கேண்டி பிறகு ஜார்ஜிடம் வருந்துகிறான். கடைசியில் ஜார்ஜ் அதே துப்பாக்கியால், அதே இடத்தில் தன் நண்பன் லென்னியைச் சுடுகிறான். நாய்க் காட்சி முடிவை முன்கூட்டிச் சொல்வதோடு நிற்கவில்லை. அந்தக் கொலையைக் கொடுமையாகப் பார்ப்பதா, அந்நியர் கையில் விட மறுத்த அன்பாகப் பார்ப்பதா என்று வாசகர் எடைபோட ஓர் அளவுகோலையும் தந்துவிடுகிறது.”

ஏபி லிட்டரேச்சர் தேர்வில் உத்திகளின் பெயருக்கு எவ்வளவு மதிப்பெண்?

பெயருக்கென்று தனியாக எதுவும் இல்லை. மூன்று கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளி: தீசிஸுக்கு (கட்டுரையின் மையக் கூற்று) 1, ஆதாரத்துக்கும் விளக்கத்துக்கும் 4, சோஃபிஸ்டிகேஷனுக்கு (வாதத்தின் ஆழமும் நுணுக்கமும்) 1. அந்த நான்கில்தான் சண்டை. கட்டுரைப் பகுதி மொத்த மதிப்பெண்ணில் 55 விழுக்காடு. மீதி 45 விழுக்காடு ஒரு மணி நேரத்தில் 55 கொள்குறி வினாக்கள். அந்தக் கொள்குறி வினாக்களில் சில சொற்கள் நேரடியாக வரும். அங்கே கார்டு உதவும். கட்டுரையில் “சினெக்டகி” என்ற பெயர் ஞாபகம் வராவிட்டால் விட்டுவிடுங்கள். “பகுதியைச் சொல்லி முழுதைக் குறிக்கிறார்” என்று எழுதி விளக்கினாலும் அதே புள்ளிதான். பெயரைத் தப்பாகப் போட்டால்தான் வாதம் ஆட்டம் காணும்.

தமிழில் அணி இலக்கணம் படித்தது உதவுமா?

உவமை, உருவகத்துக்கு நன்றாகவே உதவும். இரண்டு இடங்களில் கவனம். மோனை எழுத்தைப் பார்க்கும், அலிட்டரேஷன் ஒலியைப் பார்க்கும்: ஆங்கிலத்தில் ‘சிட்டி’யும் (city) ‘கேட்’டும் (cat) ஒரே எழுத்தில் தொடங்கினாலும் அலிட்டரேஷன் ஆகாது, ‘ஃபோனும்’ (phone) ‘ஃபேனும்’ (fan) எழுத்து வேறானாலும் ஒலி ஒன்று என்பதால் ஆகும். அடுத்தது தற்குறிப்பேற்ற அணி. இயல்பாக நடப்பதன் மீது கவிஞர் ஒரு காரணத்தை ஏற்றுவது அது. பெர்சானிஃபிகேஷன் அதைவிட அகலமானது, காரணம் ஏற்றாமல் மரணத்தை ஒரு கனவானாக்கினாலும் போதும்.

தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது?

புதுச் சொல் எதையும் தொடாதீர்கள். வகுப்பில் படித்த நூல்களில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நாவல் அல்லது நாடகம், ஒரு கவிதை, ஒரு சொற்பொழிவு. ஒவ்வொன்றிலும் இரண்டு இடங்களைத் தாளில் கையால் எழுதிக்கொண்டு, நாளொன்றுக்கு ஓர் இடம் வீதம் 12 நிமிடத்தில் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். எழுதியதில் “பயன்படுத்துகிறார்” என்ற வினை வரும் இடங்களை எல்லாம் அடித்துவிட்டு, அந்த உத்தி உண்மையில் செய்யும் செயலைப் போடுங்கள்: தள்ளிப்போடுகிறது, திருப்பிப் போடுகிறது, மறைக்கிறது, சமமாக்குகிறது. ஏழாம் நாள் ஐரனி கார்டுகளை மட்டும் ஒரு முறை புரட்டினால் போதும்.